மேளம் இல்லாத ஞாயிறு

28 ஒக்டோபர், திங்கள்

மண்டபத்துக்காரன் என் மகள் வதனிக்குக் கடிதம் போட்டிருக்கிறான். நவம்பர் பதினேழாம் திகதி மண்டபத்தில் மேளம் கூடாது, பாட்டுக் கூடாது, ஆடக் கூடாது. மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் சத்தம் போடலாமாம். அன்று இந்த நாட்டின் துக்க நாளாம்.

பெரியபிள்ளையான பேத்தி மிதுஷாவின் சாமத்தியச் சடங்குக்கு ஐயர் ஆவணியிலேயே குறித்துத் தந்த நாள் அது. ஐயரின் பஞ்சாங்கத்தில் ராகுகாலம் இருக்கிறது, மரணயோகம் இருக்கிறது. ஜேர்மன்காரனின் துக்கம் இல்லை. மருமகன் கேதீஸ் இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். அவருக்கும் தெரியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை எண்டா லீவுதானே எண்டு விட்டிட்டன் மாமி" என்கிறார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டேன்.

வதனி கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "சண்டையில செத்த எல்லாருக்கும் சேர்த்து, அம்மா. ரெண்டு உலக யுத்தமும். பிறகு, அந்த நேரத்து அரசாங்கம் கொடுமைப்படுத்திச் சாகடிச்ச ஆக்களுக்கும்."

"எப்ப முடிஞ்ச சண்டை?"

"எண்பது வருசம் இருக்கும்."

எண்பது வருடத்துக்கு முந்திச் செத்தவனுக்காக என் பேத்தியின் மேளம் நிற்க வேண்டும். என் பிள்ளைக்காக எந்த நாட்டில் எந்த மேளம் நின்றது? எங்கள் ஊர்ச் சண்டை முடிந்தது என்று அன்றைக்குத் தெருவில் வெடி கொளுத்தினார்கள். அந்தச் சத்தம் முகாம் கம்பி வரைக்கும் கேட்டது.

வதனிக்குத் தேநீர் போட்டு மேசையில் வைத்தேன். "கையில தாங்கோவன் அம்மா, இடுப்பு நோகுது" என்றாள். மேசையில் வைத்தால் மேசையில்தான். நான் ஒன்றையும் ஒருவர் கையிலும் கொடுப்பதில்லை. என் அம்மா உப்பு, எள், எண்ணெய் மூன்றையும் கையில் கொடுக்க மாட்டார். நான் அதைவிட ஒழுங்கு.

30 ஒக்டோபர், புதன்

இந்த டயறி தமிழ்க் கடையில் வருட முடிவில் சும்மா கொடுப்பது. அலுமாரியின் அடித்தட்டில் இதோடு பதினைந்து இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் கண்டாவளைப் பள்ளிக்கூடத்தில் அந்த ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் திகதி எழுதுகிற பிள்ளை நான்தான். மற்றப் பிள்ளைகளின் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். வாத்தியார் என் கொப்பியைத் தூக்கிக் காட்டி, "நாகபூசணியைப் போல எழுதுங்கோடா" என்பார். இன்றைக்கும் கோட்டைத் தாண்டாது என் எழுத்து.

மகன் ரூபன் வந்தால் கேட்பான், நான் இல்லாத வருடங்களில் என்ன நடந்தது என்று. வாய் மறக்கும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

யன்னலோரச் சட்டியில் அறுகம்புல் நன்றாக வந்திருக்கிறது. கோயிலில் ஒரு பிள்ளை தந்த வேர். தாய்மாமன் பாலில் அறுகைத் தோய்த்துத் தலையில் வைத்த பிறகுதான் சாமத்தியப்பட்ட பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். மிதுஷாவுக்குத் தாய்மாமன் ரூபன். அவன் வராவிட்டால், சுவிஸில் இருக்கும் என் தங்கச்சி மகன் குகதாஸ் அந்த இடத்தில் நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நிற்கட்டும் என்றுதான் சொன்னேன். அந்த இடம் ரூபனுடையது.

31 ஒக்டோபர், வியாழன்

தீபாவளி. நான் கொண்டாடுவதில்லை. நாலு உளுந்துவடை சுட்டேன். மூன்று வீட்டுக்கு. ஒன்றை மூடி வைத்தேன்.

3 நவம்பர், ஞாயிறு

கேதீஸ் மண்டபத்துக்காரனோடு கதைத்துவிட்டு வந்தார். மண்டபம் கோயிலடியில் இருக்கிறது, அவர்களுடைய கோயில். பக்கத்திலேயே துக்கக் கல்லாம். பகல் சடங்கைச் சத்தமில்லாமல் செய்யலாம், மேளமும் பாட்டும் ஆறு மணிக்குப் பிறகு என்று முடிவு.

"மேளம் இல்லாமல் தண்ணி வாக்கிறதோ? திருடிக்கொண்டு வந்த பிள்ளைக்குச் செய்யிற மாதிரி?" என்றேன்.

"மாமி, இதுக்கு மேல நான் என்ன செய்ய? போய் அந்தக் கல்லோட சண்டை பிடிக்கவோ?"

போகலாம். நான் போவேன்.

பின்னேரம் மிதுஷா கொப்பியோடு வந்து குசினிக் கதிரையில் இருந்தாள். பதின்மூன்று வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறாள். தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறும், ஆனால் பிழையில்லை.

"அம்மம்மா, ரூபன் மாமா எப்ப பிறந்தவர்?"

சடங்குக்கு அழைப்புக் காட் அடிக்கக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது. தாய்மாமன் பெயர் போட வேண்டும் என்று நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனம் குளிர்ந்து போனது.

"ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தொண்டு, யூலை ஒன்பது. வியாழக்கிழமை விடியக்காலமை. மழை."

"அவருக்கு என்ன விருப்பம்?"

"நண்டுக்கறி. டிரக்டர் ஓடுறது. முட்டை அவிச்சா வெள்ளையைத் தின்னுட்டு மஞ்சளை உன்ர அம்மாவுக்கு வைப்பான். பெருந்தன்மை எண்டு நினைக்காத, அவனுக்கு மஞ்சள் பிடிக்காது."

சிரித்துக்கொண்டே எழுதினாள். பிறகு கேட்டாள், "கடைசியா அவரைக் கண்டது ஆர்?"

"நான்."

"என்ன நடந்தது?"

"கூட்டத்துக்கிள்ள இருந்து இழுத்துக்கொண்டு போட்டாங்கள். அதைக் காட்டில போடாத."

"காட்டிலயா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். படத்தையும் கேட்டாள். சேட்டின் மேல் பொத்தான் திறந்தபடி டிரக்டரில் இருக்கும் படம். மேசையில் வைத்தேன், எடுத்துக்கொண்டு போனாள்.

6 நவம்பர், புதன்

காட் வந்தது. நல்ல தடித்த அட்டை, ஓரத்தில் மயில். நான் கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கும் பழக்கம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை மூன்று தரம் வாசித்தேன்.

தாய்மாமன்: அமரர் ஜெயரூபன்.

கேதீஸ் சப்பாத்துக் கழற்றக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"ஆர் இதைப் போடச் சொன்னது?"

"மாமி, எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை. பதினைஞ்சு வருசமாச்சு."

"பதினைஞ்சு வருசமெண்டா ஆள் செத்துப்போகுமோ? நீங்கள் உங்கட அம்மாவை விட்டு வந்து இருபத்தைஞ்சு வருசம். அந்த மனிசி உங்களுக்கு அமரர் போட்டவவோ?"

"நான் மாசம் மாசம் போன் எடுக்கிறன் மாமி."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது விளங்கியது. முகம் கறுத்துப் போனது. போன் எடுக்கிறவன்தான் உயிரோடு இருக்கிறவன் என்றால் கடவுளும் செத்தவன்தான்.

ஊரில் இருந்தபோதும் ஒரு அரசாங்கக் கந்தோரில் சீமான் ஒருவன் கடதாசியைத் தள்ளினான். "மரணப் பத்திரம் எடுங்கோ அம்மா, உதவி கிடைக்கும், இதில ஒரு கையெழுத்து" என்றான். கைநாட்டு வைக்கிற கிழவி என்று நினைத்து மையையும் எடுத்துத் தந்தான். நான் பேனையை வாங்கி அந்தக் கடதாசியின் குறுக்கே எழுதினேன்: என் மகன் எங்கே. அழகான எழுத்தில்.

7 நவம்பர், வியாழன்

நூற்றெண்பது காட். மிதுஷாவின் கறுப்பு மார்க்கர் மூன்று. காலை ஒன்பதுக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடித்தேன். ஒவ்வொன்றிலும் அமரரை அடித்தேன். மை மணத்தில் தலை இடித்தது. இடையில் கீரை ஆய்ந்து வைத்தேன், சோறு காய்ச்சினேன்.

மிதுஷா பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தாள். "அம்மம்மா, இப்ப எல்லாரும் அடிச்ச இடத்தைத்தான் பார்ப்பினம்."

"பார்க்கட்டும்."

வதனி ஒரு காட்டைக் கையில் எடுத்தாள், வைத்தாள், அறைக்குள் போனாள். அவளோடும் எனக்குக் கதையில்லை. அச்சுக்குப் போக முதல் அவளும் பார்த்துத்தானே இருப்பாள்.

9 நவம்பர், சனி

எனக்கு டொச் பாஷையில் இருபது சொல் தெரியும். பாண், பஸ், மழை, காலை வணக்கம், கை, கால், நோவு. அதில் ஒன்று டோட். கீழ்வீட்டுக் கிழவர் போன வருடம் போனபோது பழகியது. செத்துப்போவது.

இன்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். மிதுஷா அறைக்குள் நின்று சத்தமாக டொச்சில் பாடமாக்கினாள். கவிதை போல இழுத்து இழுத்துச் சொன்னாள். நடுவில் "ஜெயரூபன்" என்றாள். பிறகு டோட் என்றாள்.

நான் கதவைத் திறந்தேன்.

"என்ன சொன்னனீ?"

பிள்ளை கொப்பியை மூடினாள். எல்லாவற்றையும் சொன்னாள். லின்ட்னர் என்ற அவளுடைய டீச்சர் பத்துப் பிள்ளைகளைத் தெரிவுசெய்திருக்கிறாவாம். துக்க நாளன்று அந்தக் கல்லுக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தில் யுத்தத்தில் போன ஒருவரின் பெயரை வாசிக்க வேண்டும். ஒருத்தி தன் பூட்டன், ஒருவன் சிரியாவில் செத்த தன் அத்தை. இவள் என் பிள்ளை. அதற்குத்தான் கொப்பியும் படமும். சடங்கு நாளன்று காலையில் போய் வாசித்துவிட்டு வரலாம் என்று தாயும் தகப்பனும் விட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"என்ர பிள்ளையின்ர பிறந்த நாளை என்னட்டையே வாங்கிக்கொண்டு போய், செத்த ஆக்களோட வாசிக்கப் போறியோ?"

"அம்மம்மா, நான் மாமாவை ஒருத்தரும் மறக்கக் கூடாதெண்டு..."

"நான் மறந்தனானோ?"

அழுதாள். நான் அழ விட்டேன். நூற்றெண்பது காட்டில் அடித்தேன், அவர்கள் ஊர்நடுவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லப் போகிறார்கள். ஒலிபெருக்கியை நான் அறிவேன்.

10 நவம்பர், ஞாயிறு

கல்லைப் பார்க்கப் போனேன். மிதுஷாவைத்தான் கூட்டிக்கொண்டு போனேன், அழுது வீங்கிய முகத்தோடு. ரோட்டுக் கடக்கும்போது கையைப் பிடிக்க வந்தாள். "நேரே பார்த்து நட" என்றேன்.

கறுப்புக் கல். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. பாசியைச் சுரண்டிக் கழுவி வைத்திருக்கிறார்கள். மூன்று வரிசையாகப் பெயர்கள்.

"இவையள் ஆர்? சும்மா இருந்த சனமோ?"

"கனபேர் ஆமிக்காரர், அம்மம்மா."

"மற்றவன்ர நாட்டில போய்ச் சுட்டவங்கள்தானே?"

"ஓம். அதைப் பற்றியும் அண்டைக்குக் கதைப்பினம். இவையளே சாகடிச்ச சனத்துக்காகவும்தான் இந்த நாள். யூத ஆக்கள், ஜிப்சி ஆக்கள், ஏலாத பிள்ளையள்."

"தாங்கள் சாகடிச்சதுக்குத் தாங்களே தலைகுனிஞ்சு நிப்பினமோ?"

"ஓம். மேயர், பொலிஸ், எல்லாரும்."

எனக்கு நெஞ்சு எரிந்தது. பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ரோட்டோரக் கொட்டிலில் தாய்மார் வருடக்கணக்காகப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். வந்து குனிய வேண்டாம். நின்று ஒரு பதில் சொல்ல ஒருவன் இல்லை.

மிதுஷா மூன்றாவது வரிசையைத் தொட்டுக் காட்டினாள். "இதைத்தான் உங்களுக்குக் காட்டோணும் எண்டு நினைச்சனான். முதல் ரெண்டும் செத்த ஆக்கள். இது வேற. வெர்மிஸ்ட் எண்டு எழுதியிருக்கு. காணாமல் போன ஆக்கள். செத்தது எண்டு போடேல்லை."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பெயர்கள் எனக்கு வாசிக்க வராது, எண்ணத் தெரியும். முப்பத்தொரு பேர்.

"எண்பது வருசமா இதிலயே இருக்கிறாங்களோ?"

"ஓம்."

"ஒருத்தனும் வரேல்லையோ?"

"வந்திருந்தால் பேரை எடுத்திருப்பினம்."

முப்பத்தொரு பேர். முப்பத்தொரு தாய். அந்தத் தாய்மாரும் கதவைப் பூட்டாமல் படுத்திருப்பார்கள், ஒரு பலகாரத்தை மூடி வைத்திருப்பார்கள். இப்போது ஒருத்தியும் இல்லை. கேட்கிறவள் செத்துப் போக, கல்தான் மிஞ்சியிருக்கிறது. கல் கேட்காது.

எனக்கு எழுபத்துமூன்று.

வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளைக்கு முன்னால் நடந்தேன். கோபம் யார்மேல் என்று எனக்குப் பிடிபடவில்லை. அது இன்னும் கோபமாக இருந்தது.

11 நவம்பர், திங்கள்

குளிர். பின்னேரம் தெருவில் சின்னப் பிள்ளைகள் கடதாசி விளக்கோடு பாடிக்கொண்டு போனார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

13 நவம்பர், புதன்

பயித்தம்பணியாரத்துக்கு மா வறுத்தேன். வதனி சர்க்கரை சுரண்டினாள். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் வேலை செய்தோம். பிறகு அவள் சர்க்கரைக் கட்டியைப் படாரென்று வைத்தாள்.

"அம்மா, என்ர தம்பிக்கு அழ எனக்கு உரிமை இல்லையோ?"

"உயிரோட இருக்கிறவனுக்கு ஏன் அழுறாய்?"

"நீங்கள் இப்பிடிச் சொல்லிச் சொல்லியே நான் ஒருநாளும் அழேல்லை. அவன்ர படத்துக்கு ஒரு பூ வைக்க விடேல்லை. ஒரு விளக்கு வைக்க விடேல்லை. அவன் வருவான் எண்டு நீங்கள் சொல்லேக்குள்ள ஓம் ஓம் எண்டு தலையாட்டி எனக்குக் கழுத்து நோகுது அம்மா. நான் இங்க இருந்தனான். எனக்கு ஒண்டும் தெரியாது. இழுத்துக்கொண்டு போட்டாங்கள் எண்ட ஒரு வசனத்தை மட்டும் பதினைஞ்சு வருசமாத் தந்திருக்கிறியள். எந்த இடத்தில? அவன் கத்தினவனோ? உங்களைப் பார்த்தவனோ?"

"மா கருகுது" என்றேன்.

கருகத்தான் செய்தது. கொட்டிவிட்டுப் புதிதாக வறுத்தேன்.

14 நவம்பர், வியாழன்

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. அறுகுக்குத் தண்ணீர் விட்டேன்.

15 நவம்பர், வெள்ளி

குகதாஸ் சுவிஸிலிருந்து மனிசி பிள்ளைகளோடு வந்து இறங்கினான். வாசலிலேயே தொடங்கிவிட்டான்.

"பெரியம்மா, கோவம் போன முறை விட்ட இடத்தில இருந்தோ, இல்லாட்டிப் புதுசாத் தொடங்கிறியளோ?"

"உன்ர தொந்தியைப் பார்த்தாப் புதுசாத்தான் வருது. வேட்டி சுத்திக் காணுமோ?"

"ரெண்டு வேட்டி கொண்டந்திருக்கிறன்."

சிரித்தேன். சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை. பிறகு காட்டைப் பார்த்தான். கறுப்பாக அடித்த இடத்தை விரலால் தடவினான். "நல்லாச் செய்தியள்" என்றான். இந்த வீட்டில் அப்படிச் சொன்ன முதல் ஆள்.

பின்னேரம் மற்ற எல்லாரும் கடைக்குப் போனார்கள். வதனியும் மிதுஷாவும் நானும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மிதுஷா சொன்னாள், "அம்மம்மா, நான் டீச்சரிட்டச் சொல்லிட்டன். நான் வாசிக்கேல்லை."

இரண்டு நாளாக மனதில் உருட்டியதை நான் அப்போதுதான் சொன்னேன்.

"கொப்பியை எடு. நீ எழுதினது பிழை. இழுத்துக்கொண்டு போகேல்லை."

வதனியின் கத்தி நின்றது.

வெங்காயத்தைப் பார்த்தபடி சொன்னேன். இரண்டாயிரத்து ஒன்பது, மே பதினெட்டு. வட்டுவாகல் பாலம் தாண்டி முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் சனமாக இருந்தோம். ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் நல்ல தமிழில் சொன்னார்கள், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தாலும் பெயரைப் பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று. ரூபனை இயக்கம் கட்டாயமாகப் பிடித்து ஆறு மாதம் வாகனம் ஓட வைத்திருந்தது. அவ்வளவுதான். அவன் என் சேலைக்குப் பின்னால் குந்தியிருந்தான். "அம்மா, சனத்தோட சனமாப் போயிடுவம்" என்றான். இரண்டு தரம் சொன்னான்.

ஒரு மேசை போட்டிருந்தார்கள். துவக்குக்காரரின் நடுவில் ஒருவன் கோடு போட்ட கொப்பியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். நான் அந்தக் கொப்பியைத்தான் பார்த்தேன். பெயருக்கு ஒரு வரி. கோட்டைத் தாண்டாத எழுத்து. ஐந்தாம் வகுப்பு மூளை. "எழுதுறாங்கள் தம்பி. எழுதின பேர் துலையாது" என்றேன். அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்குப் பக்கத்தில் நின்றவன் கையை நீட்டினான். நான் ரூபனின் கையை எடுத்து அவனுடைய கையில் கொடுத்தேன். பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னலால் என்னைப் பார்த்தான். கத்தவில்லை.

"திருப்பி எப்ப தருவியள் எண்டு நான் கேக்கேல்லை" என்றேன். "ஒரு சருவச்சட்டி இரவல் குடுத்தாலும் கேக்கிறனான்."

வதனி எழும்பிக் குழாயைத் திறந்து கை கழுவினாள். கனநேரம் கழுவினாள். "எனக்கு இப்ப உங்களில கோவம் அம்மா" என்றாள், திரும்பாமல்.

"இருக்கட்டும்."

"சின்னக் கோவம் இல்லை."

"பெரிசாவே இருக்கட்டும். அவங்களில இருக்கிறதைக் குறைச்சுப்போடாத."

மிதுஷா பேனையைப் பிடித்தபடி இருந்தாள். "இதை நான் வாசிக்கட்டோ?"

"இதைத்தான் வாசிக்கோணும். செத்தவன் எண்டு ஒரு இடத்திலயும் வரக்கூடாது. மூண்டாவது வரிசை. கடைசியில ஒரு கேள்வி வை. எங்க வச்சிருக்கிறியள் எண்டு. நான் போன பிறகும் நீ கேக்கோணும். உனக்குப் பிள்ளை பிறந்தா அதுவும்."

வதனி ஈரக் கையோடு வந்து, மகளின் கொப்பியில் ஒரு சொல்லைத் திருத்தினாள். டொச் எனக்குத் தெரியாது. என்ன சொல் என்று கேட்கவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

காலையிலேயே கேதீஸின் தமக்கை இந்திரா வந்து குதித்தாள். "நல்ல காரியத்துக்கு முதல் பிள்ளையைச் செத்தவீட்டுக்கு அனுப்புறதோ? துடக்கெல்லோ?"

"அது செத்தவீடில்லை பிள்ளை. இவள் அங்க அழப் போகேல்லை, கேள்வி கேக்கப் போறாள்" என்றேன்.

கேதீஸ் தமக்கையைப் பார்த்து, "அக்கா, விடுங்கோ" என்றார். பிறகு என்னுடைய தடித்த கோட்டை எடுத்து வந்து கதிரையில் வைத்தார். கையில் தரவில்லை. மனிசன் கவனித்திருக்கிறார்.

பதினொரு மணிக்குக் கல்லுக்கு முன்னால் நின்றோம். அறுபது எழுபது பேர் இருக்கும். கழுத்தில் சங்கிலி போட்ட மேயர், நெருப்பணைக்கிறவர்கள் உடுப்போடு, ஊதுகுழல்காரர் எட்டுப் பேர். அவர்களுக்கு மட்டும் ஊதலாமாம். மெதுவாக ஊதினார்கள். மேயர் ஒரு கடதாசி வாசித்தார். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். நான் குனியவில்லை. நான் குனிய வேண்டிய இடம் இதில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். மிதுஷா ஏழாவது. நீலக் கோட்டு. காது மட்டும் சிவந்திருந்தது. ஒலிபெருக்கியில் அவள் குரல் கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. ஜெயரூபன் என்றாள். கை என்ற சொல் வந்தது, எனக்குத் தெரிந்த சொல். அம்மம்மா என்று தமிழிலேயே சொன்னாள். வெர்மிஸ்ட் என்றாள். டோட் என்ற சொல் வருகிறதா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். வரவில்லை. முடிவில் கடதாசியை இறக்கிவிட்டு, டொச்சில் ஒன்று கேட்டாள். பிறகு அதையே தமிழில் கேட்டாள், கத்தி:

"எங்கட மாமாவை எங்க வச்சிருக்கிறியள்?"

மேயர் தன் சப்பாத்தைப் பார்த்தார். அவர் என்ன செய்வார், அவர் கொண்டு போகவில்லை. கொண்டு போனவர்களின் காதில் விழாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பதினைந்து வருடமாக ஒரு கிழவியின் வாயில் மட்டும் இருந்த கேள்வி இன்று இன்னொரு வாயிலும் இருக்கிறது. நல்ல பல்லுள்ள வாய்.

வதனி எனக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். நான் அழாதே என்று சொல்லவில்லை.

பன்னிரண்டு பத்துக்குச் சுபநேரம். மண்டபத்தில் நூற்றைம்பது பேர், ஒரு சத்தமில்லை. மேளக்காரர் மேளத்தைத் துணியால் மூடிவிட்டுச் சுவரோரம் கைகட்டி இருந்தார்கள். மிதுஷா நீலக் கோட்டைக் கழற்றி, வெள்ளைத் துணி போர்த்துப் பலகையில் வந்து இருந்தாள். நான் வீட்டிலேயே அறுகை நுள்ளி, ஒரு பிடியாகக் கட்டி, மடியில் வைத்திருந்தேன்.

"தாய்மாமன் வாங்கோ" என்றார் ஐயர்.

குகதாஸ் எழும்பினான். இரண்டாவது வேட்டி தேவைப்படவில்லை. வந்து நின்று, என்னைப் பார்த்தான்.

"அறுகைத் தட்டில வையுங்கோ மாமி, வதனி எடுத்துக் குடுக்கட்டும்" என்று இந்திரா பின்னாலிருந்து குசுகுசுத்தாள். "நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

"புருசன் செத்தவள் எண்டு சொல்லு, பயப்பிடாத" என்றேன். மேளம் இல்லாத மண்டபம், எல்லாருக்கும் கேட்டது. "இந்தக் கை அதைவிட மோசமான வேலை செய்த கை. இண்டைக்கு அதுதான் குடுக்கும்."

குகதாஸ் கையை நீட்டினான். பெரிய கை, உள்ளங்கை வியர்த்திருந்தது.

"குகன், இது உனக்கில்லை. ரூபன்ர இடம். நீ வச்சிருக்கிறாய், அவ்வளவுதான். அவன் வந்து கேட்டா எழும்பிக் குடுக்கோணும்."

"குடுப்பன் பெரியம்மா."

"எப்ப?"

"அவன் வந்த உடன."

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

"அவன் வந்த உடன குடுப்பன்!" என்று கத்தினான். தொந்தி குலுங்கியது. யாரோ ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது.

அறுகை அவன் கையில் கொடுத்தேன்.

மிதுஷா வெள்ளைத் துணிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் அவள் நெற்றியால் வழிந்தது. வெளியே அந்த எட்டுப் பேரும் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்கு மேளக்காரர் துணியை எடுத்தார்கள். சுவர் அதிர அடித்தார்கள்.

18 நவம்பர், திங்கள்

மண்டபத்துச் சட்டி பானை கழுவியே இடுப்பு விட்டது. மிஞ்சிய காட் இருபதும் அலுமாரிக்குள் வைத்தேன். வதனி இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ரூபனின் படத்துக்கு முன்னால் ஒரு பூ இருக்கிறது. நான் எடுக்கவில்லை. விளக்கு வைத்தால் எடுப்பேன்.

காலையில் மிதுஷாவுக்குத் தேநீர் போட்டேன். கோப்பையை அவள் கையில் கொடுத்தேன். "ஆ, சுடுது அம்மம்மா!" என்று கத்தினாள்.

"சுடும். விடாமல் பிடி" என்றேன்.